நெருப்பு இடம் மாறிய மாலை

அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு படகு, ஒரு பொய். இதுவரை நடந்ததை இதற்கு மேல் சுருக்க முடியாது. ஆனாலும் போன வாரம் பக்கத்து வீட்டுக்கு இரவல் போன இதழ் திரும்பி வராதவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடலாம்.

அண்ணன்தான் நம் ரேடியோவின் அப்பா. ஒரு வருஷத்துக்கு முன்னால், மங்கலான ஒரு சாயங்காலம், எரிவாயு ஆலையின் காவல் படகு அவர் படகின்மேல் வந்து மோதியது. படகு பிளந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. மோதும்போது அப்பா, ஆலை தடை செய்த பகுதிக்கு வெளியேதான் இருந்தார். அது அவருக்குத் தெரியும். படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பிக்கும் தெரியும்.

விசாரணையில் தம்பி எழுந்து நின்று, “அண்ணன்தான் கோட்டைத் தாண்டிப் போனாரு. நான் சொல்லியும் கேக்கலை” என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அப்பாவின் கடல் உரிமம் போயிற்று. கொஞ்ச நாளிலேயே தம்பி வீட்டெதிரே புதுப் படகு ஒன்று வந்து நின்றது. யார் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் எதுவும் இல்லை.

அந்தத் தம்பிதான் ரேடியோவுக்குச் சித்தப்பா.

ரேடியோ என்பது ஊர் வைத்த பெயர். ஆலையின் தகவல் அறையில் அவளுக்கு வேலை. தினமும் மத்தியானம் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, மீன்பிடிக்கிறவர்களுக்கு அன்றைய சேதியைச் சொல்வாள். எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் குழாய் பதிக்கிறார்கள், காற்று எப்படி. படகில் இருக்கும் கைக்கருவியிலும் கேட்கும், வீடுகளில் இருக்கும் பெட்டியிலும் அந்த ஒரு அறிவிப்பு மட்டும் கேட்கும். அப்பாவின் காலை உடைத்த ஆலையிலேயே மகள் சம்பளம் வாங்குகிறாளே என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. பாம்புப் புற்றுக்குப் பக்கத்தில் குடியிருந்தால்தான் பாம்பு எப்போது வெளியே வருகிறது என்று தெரியும்.

இன்றைக்கு அது வெளியே வந்தது.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் சித்தப்பா எதிரே வந்தார். ஒருகாலத்தில் படகு கட்டிய கொட்டகை இருந்த இடம் இப்போது ஆலைத் தொழிலாளிகளுக்குப் பூட்ஸும் தலைக்கவசமும் விற்கிற கடை. அதன் வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

“என்ன ரேடியோ, இன்னைக்கு என்ன பாட்டு?”

“கேட்டாத் தெரியும்.”

“ஒரு காதுலதான் கேப்பேன். ஏதாச்சும் எசகுபிசகா இருந்தா மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். மத்ததெல்லாம் உன் பாட்டு, என் தூக்கம்.” குச்சியைத் துப்பினார். “உங்கப்பாகிட்ட சொல்லு. அந்த எஞ்சின் கோணிக்குள்ளயே கெடந்து துருப்பிடிக்குது. என் படகுக்குக் குடுத்தா அதாவது கடலைப் பார்க்கும்.”

ரேடியோ நடையை நிறுத்தவில்லை.

உடைந்த படகிலிருந்து மிஞ்சியது அந்த எஞ்சின் ஒன்றுதான். அப்பா தினமும் கோணியை விலக்கி அதற்கு எண்ணெய் போடுவார். கொல்லையில் உட்கார்ந்தபடியே ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். சத்தம் சரியாக இருந்தால் அணைத்துவிட்டு மறுபடி மூடுவார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது எப்படி என்று சித்தப்பாவுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆலைக்குள்ளிருந்து ஷிப்ட் இன்ஜினியர் போன் செய்தார்.

“இன்னைக்கு சாயங்காலம் பெரிய நெருப்பை அணைக்கிறோம். குழாய் முனையில ரிப்பேர். சின்ன நெருப்பை ஏத்துறோம். நாலு நாளைக்கு அதுதான். வெளியில சொல்லிடுங்க.”

“சரிங்க சார்.”

போனை வைத்த பிறகு ரேடியோ கொஞ்ச நேரம் கையை மேஜைமேல் விரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஊரில் பிறக்காதவர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். ஆலையில் மிஞ்சுகிற வாயுவை எரிக்க இரண்டு உயரமான குழாய்கள் உண்டு. எரிவது எப்போதும் பெரியதுதான். அந்த நெருப்பு வந்த நாளிலிருந்து ஊருக்கு இருட்டு என்பதே இல்லை. கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியில் கரிப்பொட்டு விழும், ஜன்னல் கண்ணாடி நடுங்கும், கைக்குழந்தைகள் வெளிச்சத்திலேயே தூங்கப் பழகிவிட்டன. எல்லோரும் அதைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே அதை வைத்துத்தான் படகும் ஓட்டினார்கள்.

கரையில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, உச்சியில் சிவப்பு விளக்கோடு. படகின் பின்பக்கம் சுக்கானைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தால், அந்தச் சிவப்பு விளக்குக்கு நேர் பின்னால் நெருப்பு தெரிய வேண்டும். இரண்டும் ஒரே நேரில் இருக்கும்வரை படகு தடைப் பகுதிக்கு வெளியே பத்திரமாகப் போகும். எல்லையில் மிதந்த மிதவைகள் போன புயலோடு போய்விட்டன. சித்தப்பாவின் புதுப் படகில் வழி காட்டும் கருவிகூட உண்டு. அதன்மேல் அவர் துண்டைக் காயப்போடுவார். “பெட்டி பொய் சொல்லும், நெருப்பு சொல்லாது” என்பது கடற்கரையில் எல்லோரும் சொல்கிற பேச்சு.

நெருப்பு சின்னக் குழாய்க்கு மாறினால் என்ன ஆகும்? அதே விளக்கு, அதே மாதிரி நெருப்பு. சாயங்கால மங்கலில், தூரத்திலிருந்து குழாய் தெரியாது, எரிவது மட்டும்தான் தெரியும். விளக்கையும் நெருப்பையும் நேராக வைத்துப் போகிறவன், கோணல் இல்லாமல் ஒழுங்காகப் போய், தடைப் பகுதியின் நடுவில் நிற்பான்.

ரேடியோ எதையும் இரண்டு முறை யோசிக்கிறவள். இதை மூன்று முறை யோசித்தாள். இன்று வார ஓய்வு நாள். சங்கத்துப் படகு ஒன்றும் இறங்காது. வலையைக் காய வைத்துவிட்டு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். அவர்களுக்கு நாளைக்குச் சொன்னால் போதும். ஓய்வு நாளில் கடலுக்குப் போகிறவர் ஊரிலேயே ஒருவர்தான், சித்தப்பா. சந்தையில் போட்டி இருக்காது என்பதால் போவார். அவருடன் போக யாரும் சம்மதிக்காததால் தனியாகப் போவார்.

எந்தக் கோட்டை அப்பா தாண்டியதாகச் சொன்னாரோ, அந்தக் கோட்டை அவரே தாண்டட்டும். படகைப் பிடிப்பார்கள். உரிமத்தைப் பிடுங்குவார்கள். அதற்குமேல் எதுவும் வேண்டாம். இது அநியாயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அநியாயம்தான் என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவளை ஒன்றும் செய்யவில்லை.

மைக்கின் பொத்தானை அழுத்தினாள். தினமும் அவள் நெருப்பில்தான் ஆரம்பிப்பாள்: ‘பெரிய நெருப்பு எரிகிறது’ என்பது முதல் வரி. இன்றைக்குக் காற்றில் ஆரம்பித்தாள். காற்று லேசானது. அலை குறைவு. வடக்கே ஒரு சரக்குக் கப்பல் நங்கூரமிட்டிருக்கிறது. வணக்கம்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளி இருக்கிறது என்று அப்போது நம்பினாள்.

சாயங்காலம் டீ குடிக்க வீட்டுக்கு வந்தாள். ஆலை வாசலிலிருந்து கொஞ்ச தூரம்தான். வாசலில் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

அம்மா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அம்மா பாடி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

“அப்பா எங்கேம்மா?”

“மொதல்ல உட்காரு. சொன்னா நம்ப மாட்டே.” அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “மத்தியானம் நீ பேசி முடிச்சதும் உங்கப்பா, ‘தம்பியை வரச் சொல்லு’ன்னாரு. எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. வந்தா, ‘எஞ்சினை எடுத்துக்கோடா’ங்கிறாரு!”

“எஞ்சினையா?”

“ஆமாங்கிறேன். ‘ஆனா ஒண்ணு, இன்னைக்கே மாட்டி ஓட்டு, நானும் கூட வந்து தண்ணியில அது ஓடுற சத்தத்தை ஒரு தடவை கேக்கணும்’னாரு. உங்க சித்தப்பாவுக்கு வாயெல்லாம் பல்லு. எடுத்த கையோட மாட்டிட்டாங்க. ரெண்டு பேரும் தோள்ல கை போட்டுக்கிட்டுப் போனாங்கடி. நொண்டிக்கிட்டே போனாரு, ஊன்றுகோலைக்கூட எடுத்துக்கலை.”

ரேடியோ டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“அப்பாவுக்குத்தான் உரிமம் இல்லையே!”

“சும்மா உட்கார்ந்து வர்றதுக்கு எதுக்கு உரிமம்? யார் பார்க்கப் போறா, ஓய்வு நாளு.” அம்மா சிரித்தாள். “கெளம்பும்போது சிரிச்சாருடி. நானே பார்த்தேன். அண்ணன் தம்பி எத்தனை நாளைக்கு முறைச்சுக்கிட்டே இருக்க முடியும், நீர் அடிச்சு நீர் விலகுமா?”

“எவ்வளவு நேரமாச்சும்மா?”

“என்னடி மூஞ்சி இப்படிப் போகுது? உனக்குப் பிடிக்கலையா?”

ரேடியோ ஓட ஆரம்பித்தாள்.

ஆலைச் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. சந்துக்குள் புகுந்து, வாடகை அறைகளின் பின்னால் தொங்கிய நீல உடுப்புகளை ஒதுக்கிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் ‘குப்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்தாள். பெரிய நெருப்பு மெலிந்து, ஒரு நாக்கு நீளத்துக்குச் சுருங்கி, அணைந்தது. பக்கத்துக் குழாயின் முனையில் புது நெருப்பு உதறிக்கொண்டு எழுந்தது.

தகவல் அறையில் மேஜைமேல் இரண்டு பெட்டிகள். கறுப்பு, மீன்படகுகளுக்கு. மஞ்சள், காவல் படகுக்கு. ஒன்றில் பேசுவது மற்றதில் கேட்காது. மூச்சு வாங்க உட்கார்ந்து முதலில் இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

“சார், நெருப்பைப் பழையபடி மாத்த முடியுமா? கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.”

“விளையாடறீங்களா? இது என்ன அடுப்பா? குழாய் முனையைக் கழட்டியாச்சு.”

வைத்துவிட்டார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பல் நிறத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

கறுப்புப் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

“சித்தப்பா. சித்தப்பா, கேக்குதா? பெரிய நெருப்பை அணைச்சுட்டாங்க. எரியறது சின்ன நெருப்பு. விளக்கை நேரா வைக்காதீங்க. திரும்புங்க.”

இரைச்சல் மட்டும் வந்தது. மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லி முடித்ததும் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. எஞ்சின் சத்தம் பின்னால் கேட்டது. அந்தச் சத்தம் தூக்கத்தில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

“சித்தப்பா இல்லம்மா. அப்பா பேசறேன்.”

“அப்பா! கருவி உங்ககிட்டயா இருக்கு? சித்தப்பாகிட்ட சொல்லி உடனே திருப்பச் சொல்லுங்க. நெருப்பு மாறிடுச்சு.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“தினமும் நெருப்பைச் சொல்லித்தானே ஆரம்பிப்பே. இன்னைக்குக் காத்துல ஆரம்பிச்சே. நம்ம பொண்ணு எதையோ முழுங்கிட்டாளேன்னு ஆலைப் பக்கம் பார்த்தேன். சின்னக் குழாய் உச்சியில ஆளு ஏறி வேலை பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் புரியறதுக்கு என்ன இருக்கு.”



“அப்பா, சுக்கான் யார் கையில?”

“அவன் கையிலதான். திரும்பித் திரும்பி நெருப்பைப் பார்த்துக்கிட்டு, பாட்டு பாடிக்கிட்டு வர்றான். எஞ்சின் சத்தத்துல நான் பேசறது அவனுக்குக் கேக்காது. நான் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். அன்னைக்கு அவன் உட்கார்ந்திருந்தானே, அந்த இடம்.”

“வேண்டாம்பா.”

“விசாரணையில கேப்பாங்க பாரு, யாரு எங்க போனதுன்னு. இந்தத் தடவை நான் எந்திரிச்சுச் சொல்றேன். அவன் மாதிரி பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாப் போதும்.” அப்பாவின் குரலில் அம்மா பார்த்த சிரிப்பு இருந்தது. “ஒரு வருஷமா அந்த எஞ்சினுக்கு எண்ணெய் போட்டேனே, எதுக்குன்னு எனக்கே தெரியாம இருந்துச்சு.”

“உங்களையும்தானே பிடிப்பாங்க! உரிமம் இல்லாம உள்ள போனா ஜெயிலுப்பா.”

“போறேன். அவனை என்கூட ஒரே அறையில வைக்கச் சொல்லு, அது போதும்.”

“அந்தக் காவல் படகு மறுபடியும் வந்து மோதினா?”

“மோதட்டுமே. இன்னொரு கால் இருக்கு.”

அவள் விரித்த வலை ஒரு ஆளுக்கு. அதில் இன்னொருத்தர் தானாக வந்து உட்கார்ந்துகொண்டு, இழுத்துக் கட்டு என்கிறார். தன் கோபம்தான் பெரியது என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள். நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த மனிதரிடம் இருந்ததற்கு முன்னால் அது தீக்குச்சி.

மஞ்சள் பெட்டி கரகரத்தது.

“தகவல் அறை, தகவல் அறை. காவல் படகு பேசறேன். தடைக்குள்ள ஒரு படகு வருது. நேரா கடலடிக் குழாய் பக்கம் போகுது. யாருன்னு தெரியுமா?”

இந்தக் குரலையும் அவளுக்குத் தெரியும். விசாரணையில் கேட்ட குரல். அப்பாவின் படகின்மேல் மோதியவன், இன்றைக்கும் அதே படகில்.

“தெரியாது” என்றாள்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நெருப்பு மாறுறதை மத்தியானம் அறிவிச்சீங்களா? அறிவிக்கலைன்னா அவங்க மேல தப்பில்லை, வழி காட்டித் திருப்பி அனுப்பிடறேன். அறிவிச்சிருந்தீங்கன்னா தெரிஞ்சே வந்திருக்காங்க. படகு பறிமுதல், உள்ள இருக்கிற எல்லாரும் கைது. ஆமாவா, இல்லையா?”

எவ்வளவு சுலபமான கேள்வி. இல்லை என்று சொன்னால் அப்பா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். சித்தப்பாவும் அவர் வீட்டில் இருப்பார், பல் குத்திக்கொண்டு. போவது இவளுடைய வேலை ஒன்றுதான். அதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

ஆமாம் என்று சொன்னால்?

அன்றைக்கு விசாரணை அறையில் சித்தப்பா எழுந்தபோது அவருடைய நாற்காலி கிறீச்சிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரு வாக்கியம் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது? மூச்சு விடுகிற நேரம். அவர் முகத்தில் அப்போது வெட்கம் தெரிகிறதா என்று தேடினாள். இல்லை. அவசரம்தான் இருந்தது, பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவனைப் போல.

கறுப்புப் பெட்டியில் அப்பா மெதுவாகக் கூப்பிட்டார். “பாப்பா. காவல் படகு விளக்கு தெரியுது. இவன் இன்னும் பார்க்கலை. நெருப்பையே பார்த்துக்கிட்டிருக்கான், கிறுக்கன்.”

“தகவல் அறை! கேக்குதா? ஆமாவா, இல்லையா?”

அவள் மஞ்சள் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள்.

“ஆமா. மத்தியானமே சொல்லிட்டேன். தெளிவாச் சொன்னேன்.”

“அப்போ சரி. பிடிக்கிறோம்.”

காவல் படகின் எஞ்சின் உறுமி எழுந்தது மஞ்சள் பெட்டியில் கேட்டது. ஒரு கணம் கழித்து அதே உறுமல் கறுப்புப் பெட்டிக்குள்ளும் தூரத்தில் கேட்டது. இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கின. சித்தப்பாவின் பாட்டு நடுவில் நின்றது. “அண்ணே, என்ன அது? அண்ணே!” என்று அவர் கத்தியது கேட்டது. அதற்கு அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் ஏதோ தட்டியது. மரத்தின் சத்தம்.

ரேடியோ திரும்பினாள். கதவருகே அம்மா நின்றிருந்தாள். ஓடி வந்ததில் தலைமுடி அவிழ்ந்திருந்தது. கையில் அப்பாவின் ஊன்றுகோல். கரையில் இறங்கும்போது அவருக்கு வேண்டியிருக்கும் என்று எடுத்து வந்திருக்க வேண்டும்.

எப்போதிலிருந்து நிற்கிறாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அம்மா மஞ்சள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

“மத்தியானம் நானும்தான் கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றாள்.